மன்னரும் மன்னாரும்: கட்டளைவரி உரைத்தொகுப்பி பற்றிய ஒரு மதிப்பீடு

எழுத்தைத் திறனாய்வது நம்மிடையே வேரூன்றிவிட்ட மரபு. அவ்வெழுத்தை ஆக்கத் துணைநின்ற கருவியைத் திறனாய்வது அத்துணை வழக்கமன்று. கருவி நடுநிலையானது, இட்ட பணியைச் செய்து ஒதுங்கிவிடுவது என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். தமிழ் ஏட்டுச் சுவடிகளின் வரலாறோ இதற்கு மாறான சான்றைத் தருகின்றது. கூரிய எழுத்தாணியாற் புள்ளியிட்டால் ஓலை பொத்துவிடும். ஆதலின் ஏடெழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது விட்டனர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஏட்டில் ஒரே வடிவின. ரகரமும் காலும் வேற்றுமையின்றி எழுதப்பட்டன. எழுதுகருவியின் இயல்பு எழுத்தின் இயல்பையே பாதித்தது. அதன் விளைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை முதலானோர், ஒரு சொல்லைத் துணிவதற்குப் பல ஏடுகளை ஒப்புநோக்க வேண்டியவராயினர்.

ஏட்டின் இடத்தை அச்சும், அச்சின் இடத்தைக் கணினிக் கோப்பும் பெற்றுவரும் இக்காலத்தில் அதே வினா மீண்டும் எழுகின்றது. புதிய எழுதுகருவி தமிழ் எழுத்தை எவ்வாறு காண்கின்றது? இவ்வினாவை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமானவை கட்டளைவரி உரைத்தொகுப்பிகளாகும். சுட்டியின் துணையும் படக்குறிகளின் துணையுமின்றி, விசைப்பலகையில் இடும் கட்டளைகளாலேயே உரையை ஆக்கவும் திருத்தவும் உதவும் மென்பொருள்கள் இவை. இவற்றுள் ‘வி.ஐ.’ என்பதும் அதன் வழித்தோன்றலான ‘விம்’ என்பதும் தலையாயவை. ஆங்கிலத்திலே பதிப்பாசிரியரையும் இம்மென்பொருளையும் ‘எடிற்றர்’ என்ற ஒரே சொல்லாற் குறிப்பர். இச்சொல்லொற்றுமை தற்செயலானதாயினும் பொருள் பொதிந்தது. பதிப்பாசிரியனிடம் எவற்றை எதிர்பார்க்கின்றோமோ, அவற்றை இக்கருவியிடமும் எதிர்பார்த்து மதிப்பிடலாம்.

தோற்றமும் சூழலும்

எந்த உருவமும் அது தோன்றிய சூழலிலிருந்து பிரித்துப் பார்க்கத்தக்கதன்று. 1969ஆம் ஆண்டில் கென் தொம்சன் யூனிக்ஸ் முறைமைக்கென ‘எட்’ என்னும் தொகுப்பியை அமைத்தார். திரையின்றித் தாளில் அச்சிடும் முனையங்கள் வழங்கிய காலம் அது. ஆகவே வரி வரியாகவே உரையைக் கையாளும் முறை அதற்கு வாய்த்தது. 1976ஆம் ஆண்டளவில், பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பில் ஜோய் வி.ஐ. தொகுப்பியை உருவாக்கினார். முழுத் திரையிலும் உரையைக் காட்டிய அத்தொகுப்பி, வினாடிக்கு 300 துணுக்குகளை மட்டுமே கடத்தவல்ல தொலைபேசி இணைப்பிலும் இயங்கவேண்டியிருந்தது. அவ்வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ முப்பது எழுத்துக்களே வந்துசேரும். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரையொன்றை முற்றாக நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகும். இந்நிலையில் மிகச் சில விசைகளால் மிகப் பெரிய மாற்றத்தைச் செய்வது திறமையைக் காட்டும் விளையாட்டன்று, தேவையின் விளைவேயாகும்.

பலருக்கு விளங்காப் புதிராயிருக்கும் கூறுகளும் இச்சூழலாற் தெளிவாகின்றன. நிலைகாட்டியை இடம் நகர்த்த ‘எச்’, ‘ஜே’, ‘கே’, ‘எல்’ என்னும் நான்கு விசைகளைப் பயன்படுத்துவது ஏன் என வினவுவோர் உளர். ஜோய் பயன்படுத்திய ஏ.டி.எம். 3ஏ என்ற முனையத்தில் அம்புக்குறிகள் அவ்விசைகளின் மீதே பொறிக்கப்பட்டிருந்தன. ‘எஸ்கேப்’ விசையை அடிக்கடி அழுத்தவேண்டிய நிலையும் அவ்வாறே நேர்ந்தது. அம்முனையத்தில் அவ்விசை கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. இன்றைய பலகையிற் மூலைக்குச் சென்றுவிட்டது.

1991ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான பிராம் மூலினார் விம் தொகுப்பியை வெளியிட்டார். தமிழ் எழுத்துக்களுக்கு இடந்தந்த ஒருங்குறியின் முதற் பதிப்பும் அவ்வாண்டிலேயே வெளிவந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. விம்மை இலவசமாக வழங்கிய அவர், பயன்பெறுவோர் உகண்டாவின் கிபாலே பகுதிச் சிறாருக்கு உதவவேண்டுமென்றே வேண்டிக்கொண்டார். 2023இல் அவர் மறைந்த பின்னரும் அப்பணி பலரால் முன்னெடுக்கப்படுகின்றது.

இத்தனை பழைமையான கருவி இன்று நமக்கு எதற்கு என்பது அடுத்துவரும் வினா. மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ 32 வீதியையொட்டி, மாந்தை மேற்குப் பகுதியில் அமைந்த ஊர் பாப்பாமோட்டை. அங்குள்ள ஆசிரியர் ஒருவர், மன்னார்க் கரையில் வழங்கும் கூத்துப் பிரதியொன்றைப் பழைய கணினி ஒன்றிற் பதிந்துவைக்க முனைகின்றார் எனக் கொள்வோம். கணினியின் வலு குறைவு. இணைப்பின் வேகமும் குறைவு. மின்சாரம் எவ்வேளையும் தடைப்படலாம். பெருஞ்செலவு வேண்டும் மென்பொருள்கள் தயங்கும் இவ்விடத்திலே வி.ஐ. பிறந்த சூழலே மீண்டும் தோன்றுகின்றது. விம் தான் திறந்த கோப்பின் மாற்றங்களை, இருநூறு எழுத்துக்கள் இடப்பட்டதும் அல்லது நான்கு வினாடி கை ஓய்ந்ததும், துணைக்கோப்பு ஒன்றிற் பதிந்து வருகின்றது. மின் தடைப்பட்டுக் கணினி அணைந்தால், கட்டளைவரியில் விம் என்பதை அடுத்துச் சிறுகோட்டையும் ‘ஆர்’ எழுத்தையும் கோப்பின் பெயரையும் இட்டு, இழந்ததிற் பெரும்பகுதியை மீட்கலாம். இத்துணைக்கோப்பைக் குப்பையென அழித்துவிடுவது புதியோர் இழைக்கும் பெருந்தவறு.

வினையும் பெயரும்

‘எழுத முனைந்தால் எழுத்து விழவில்லை, வெளியேற முனைந்தால் வழி தெரியவில்லை’ என்பது விம்மைப் புதிதாகத் தொட்டோரின் பொது முறைப்பாடு. வழி எளிது. ‘எஸ்கேப்’ விசையை அழுத்தி, முக்காற்புள்ளியை இட்டு, ‘கியூ’ எழுத்தை இட்டால் வெளியேறலாம். சேமித்து வெளியேற ‘டபிள்யூ’வும் ‘கியூ’வும் வேண்டும். மாற்றங்களைக் கைவிட்டு வெளியேற ‘கியூ’வின் பின் வியப்புக்குறி வேண்டும். ஆயினும் இவ்விடையை மட்டும் மனனஞ் செய்தோர் அடுத்த வாயிலிலும் அவ்வாறே முட்டிக்கொள்வர். முறைப்பாட்டின் வேர் நிலை வேறுபாட்டை உணராமையில் உள்ளது. பதிப்பிப்போன் எழுதும் நேரத்தினும், படிக்கும் நேரமும் ஒப்பிடும் நேரமும் திருத்தும் நேரமுமே மிகுதி. அதனால் விம் திருத்துதலையே தன் இயல்பான நிலையாகக் கொண்டது. எழுதுதல் இடையிடையே புகுந்து மீளும் நிலை. எழுதி முடித்ததும் இயல்பு நிலைக்கு மீள்வதே திறமையின் முதற்படி.

இயல்பு நிலையில் விசைகள் எழுத்துக்களல்ல, சொற்கள். அவை ஒரு வாக்கியமாக அமைகின்றன. ‘டி’ அழித்தலையும் ‘சி’ மாற்றுதலையும் ‘வை’ படியெடுத்தலையும் குறிக்கும். இறுதியிற் கூறியது தமிழருக்கு மறக்கவியலாதது; எடுத்து ‘வை’ என்ற ஏவலாகவே அதனைக் கொள்ளலாம். இவை வினைகள். ‘டபிள்யூ’ சொல்லையும், ‘பி’ பந்தியையும், வலப்பிறை வாக்கியத்தையும் சுட்டும். இவை பெயர்கள். இடையே எண் வரலாம். ‘டி’, மூன்று, ‘டபிள்யூ’ என அழுத்தினால் மூன்று சொற்கள் அழிகின்றன. ‘சி’, ‘ஐ’, ‘டபிள்யூ’ என அழுத்தினால், நிலைகாட்டி சொல்லின் நடுவில் நின்றாலும் அச்சொல் முழுவதும் நீங்கி, புதுச்சொல்லுக்கு இடமாகின்றது. ‘டி’, ‘ஏ’, ‘பி’ என்பன ஒரு பந்தியை அதன் இடைவெளியோடு நீக்குகின்றன. பத்து வினையும் பத்துப் பெயரும் அறிந்தவன் நூறு கட்டளைகளை அறிந்தவனாகின்றான். இதனாலேயே விசைப் பட்டியல்களை மனனஞ் செய்வது வீண் உழைப்பாகின்றது. சொற்களை அறிந்து, சேர்க்கையை அறிதலே பயில்முறை.

இம்மொழியின் ஆற்றல் மிக்க சொல் முற்றுப்புள்ளி விசையாகும். இறுதியாகச் செய்த மாற்றத்தை அது மீண்டும் செய்கின்றது. பிழையான சொல்லைச் சரிவுக்கோட்டாற் தேடி, ஒருமுறை திருத்தி, பின் ‘என்’ விசையால் அடுத்த இடத்துக்குச் சென்று, புள்ளியை அழுத்தினாற் போதுமானது. ஒவ்வோரிடத்திலும் நின்று பார்த்து, வேண்டாத இடத்தைத் தாண்டிச் செல்லவும் இதில் இடமுண்டு. திருத்தம் பல படிகளைக் கொண்டதாயின் ‘கியூ’ விசையாற் தொடரைப் பதிந்து, ‘அற்’ குறியால் மீண்டும் நிகழ்த்தலாம்.

எனினும் இவ்விலக்கணம் ஆங்கிலத்தின் சொல்லொழுங்கையே தழுவியுள்ளது. வினை முதலிலும் செயப்படுபொருள் ஈற்றிலும் வருகின்றன. ‘அழி, மூன்று சொல்’ என்பது இதன் நடை. ‘மூன்று சொல்லை அழி’ என்பது நம் நடை. இவ்வேறுபாடு வெறும் சுவைவேறுபாடன்று. வினை முந்தினால், அது எதன்மேற் செல்லுமென்பது செயல் நிகழ்ந்த பின்னரே கண்ணுக்குப் புலனாகும். 2011இல் தொடங்கப்பட்ட ‘காக்கூன்’, 2021இல் வெளிவந்த ‘ஹீலிக்ஸ்’ ஆகிய தொகுப்பிகள் இவ்வொழுங்கை மாற்றியமைத்துள்ளன. அவற்றில் முதலிற் சொல் தெரிவாகித் திரையில் ஒளிரும். பின்னரே வினை இடப்படும். இவை தமிழை எண்ணி அமைக்கப்பட்டனவல்ல. ஆயினும் தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கு அவற்றில் அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. விம் பயில்வோரும் ‘வி’ விசையால் முதலிற் பகுதியைத் தெரிந்து, பின் வினையை இடலாம். அயராது ஒப்புநோக்க வேண்டிய பிரதிகளில் இம்முறை சற்றுத் தாமதமாயினும் பாதுகாப்பானது.

எழுத்து என்பது யாது?

இனி இக்கருவி தமிழ் எழுத்தை எதிர்கொள்ளும் இடத்தை நோக்கலாம். ஒருங்குறியில் உயிர்மெய் ஓர் எண்ணன்று. ‘னா’ என்பது னகரத்துக்கு ஓரெண்ணும் காலுக்கு ஓரெண்ணுமாக இரண்டு எண்களாலாயது. இதனைக் கருவி ஓரெழுத்தாகக் கொள்ளுமா, இரண்டாகக் கொள்ளுமா? விம் இவ்விடத்திற் பாராட்டத்தக்க முறையில் நடந்துகொள்கின்றது. ‘எக்ஸ்’ விசையை அழுத்தினால் ‘னா’ முழுவதும் நீங்குகின்றது. தமிழிலக்கணம் எழுத்தெனக் கொள்வதையே அதுவும் எழுத்தெனக் கொள்கின்றது. குறியை மட்டும் நீக்க விரும்புவோர் ‘டெல்கொம்பைன்’ என்ற தெரிவை இயக்கிக்கொள்ளலாம். அப்போது ‘எக்ஸ்’ முதலிற் காலை மட்டும் நீக்கும். உயிர்மெய்க் குறிகளை மட்டும் திருத்தும் பணியில் இது பெரிதும் உதவும். ‘க்ஷ’ இதற்கு விலக்கு. கண்ணுக்கு ஒன்றாயினும் கருவிக்கு அது இரண்டு.

குறியைச் சேர்க்கும்போது ‘ஐ’, ‘ஏ’ என்னும் இரு விசைகளின் வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது. ‘ஐ’ நிலைகாட்டிக்கு முன்னும் ‘ஏ’ அதற்குப் பின்னும் எழுதத் தொடங்கும். ‘மன்னர்’ என்பதை ‘மன்னார்’ எனத் திருத்த, இரண்டாவது னகரத்தின்மேல் நின்று ‘ஏ’ அழுத்திக் காலை இடவேண்டும். ‘ஐ’ அழுத்தினாற் கால் முந்திய ‘ன்’ என்பதோடு சென்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இவ்விரு விசைகளும் வசதியின் பொருட்டானவை. தமிழிலோ அவை எழுத்திலக்கணத்தின் பொருட்டானவையாகின்றன.

ஆனால் ‘ஆர்’ விசையில் இவ்வொழுங்கு சிதைகின்றது. ஓரெழுத்தை இன்னோரெழுத்தால் மாற்ற உதவும் அவ்விசை, அடுத்து வரும் முதலெண்ணை ஏற்றதும் தன் பணியை முடித்துக்கொள்கின்றது. பின் வரும் குறிக்காக அது காத்திருப்பதில்லை. ககரத்தையும் இகரக் குறியையும் அடுத்தடுத்து இடும் விசைப்பலகையில், ‘கி’ என மாற்ற முனைந்தால் ‘க’ மட்டுமே பதியும். எழுத்தைத் தேடிச் செல்லும் ‘எஃப்’ விசையின் நிலையும் இதுவே. விம்மின் உள்ளேயே ‘கீமாப்’ எனும் விசைவரைபடம் ஒன்றை அமைத்து, ‘கி’ முழுமையாக ஒரே வேளையிற் தோன்றும்படி செய்வதே இதற்குத் தீர்வு. அவ்வரைபடத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. கணினியின் விசைப்பலகையையே தமிழுக்கு மாற்றிவிட்டால் இயல்பு நிலையிற் கட்டளைகள் இயங்கா. ‘டி’ இருக்கவேண்டிய இடத்திற் தமிழெழுத்து வந்து நிற்கும். கீமாப் எழுதும் நிலையில் மட்டும் தமிழைத் தந்து, இயல்பு நிலையில் ஒதுங்கிக்கொள்ளும். விம்முடன் வரும் வரைபடங்களுள் திஸ்கி முறைத் தமிழுக்குரிய ஒன்று உண்டு. ஒருங்குறிக்கு வேண்டியதை அம்மாதிரியைப் பார்த்து எளிய கோப்பாக எழுதிக்கொள்ளலாம்.

கண்ணுக்குப் புலப்படாத பிழைகளும் உள. ‘கொ’ என்பதன் குறியை 3018 என்ற ஓரெண்ணாகவும், 3014, 3006 என்ற ஈரெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடும்போதோ ஒன்றை இட்டால் மற்றையது அகப்படாது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்புக்களில் இம்மயக்கம் நேர்வதுண்டு. இருக்கும் சொல் இல்லையெனத் தோன்றினால், அவ்வெழுத்தின்மேல் நின்று ‘ஜி’, ‘ஏ’ என அழுத்தவேண்டும். அதன் எண்கள் திரையின் அடியிற் தோன்றும்.

சொல்லும் வாக்கியமும் வரிசையும்

‘டபிள்யூ’ விசை இடைவெளியையும் குறியீடுகளையும் கொண்டு சொல்லை வரையறுக்கின்றது. ஆங்கிலத்தில் தனிச்சொல்லாய் நிற்கும் உருபுகள் தமிழிற் பெயரோடு ஒட்டிவிடுகின்றன. ‘பாப்பாமோட்டையிலிருந்து’ என்பது கருவிக்கு ஒரு சொல்லே. உருபை மட்டும் திருத்த விரும்புவோன் சொல் விசையை நம்பாது, ‘எஃப்’ அல்லது தேடல் மூலம் உரிய எழுத்துக்குச் சென்று, அங்கிருந்து ‘சி’, ‘ஈ’ விசைகளால் ஈற்றை மாற்றவேண்டும். அவ்வாறே, சொன்முதல் உயிர் புணர்ச்சியில் உருமாறுவதையும் மனங்கொள்ளவேண்டும். ‘இராசர்’ எனத் தேடுவோனுக்கு ‘மூவிராசர்’ அகப்படாது. ‘ராசர்’ எனத் தேடின் இரண்டும் அகப்படும். உயிர்முதற் சொற்களை இரண்டாம் எழுத்திலிருந்து தேடுதல் தமிழுக்கு உரிய உத்தியெனலாம்.

வாக்கியம் பற்றிய கருத்தும் இவ்வாறு இடர்தருவதே. புள்ளியும் அதையடுத்து இடைவெளியும் வந்தால் வாக்கியம் முடிந்ததென விம் கொள்கின்றது. முதலெழுத்துக்களை இடைவெளிவிட்டு ‘சி. வை. தாமோதரம்பிள்ளை’ என எழுதினால் அறிஞர் ஒருவரின் பெயர் மூன்று வாக்கியத் துண்டுகளாகிவிடும். முதலெழுத்துப் பெயர்கள் மலிந்த நம் கட்டுரைகளில் வாக்கிய விசையைக் கண்மூடிப் பயன்படுத்துவது தகாது.

சொல்லடைவு தயாரிப்போர் அறியவேண்டியது ‘சோர்ட்’ கட்டளையின் இயல்பு. சிறப்புக் குறிப்பெதுவுமின்றி இட்டால் அது ஒருங்குறியின் எண்வரிசையையே பின்பற்றும். அவ்வரிசையில் னகரம் நகரத்தையும், றகரம் ரகரத்தையும் அடுத்து நிற்கின்றன. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின் வருவதால், மெய் உயிர்மெய்க்குப் பின்தள்ளப்படுகின்றது. நம் நெடுங்கணக்கோடு இது பொருந்தாது. அகராதி வரிசையென இதனை நம்பி அச்சேற்றினாற் சொல்லடைவு பயனற்றதாகிவிடும்.

தேடலும் மாற்றலும்

இம்மதிப்பீட்டின் நடுவிடயம் விம்மின் தேடல் முறையாகும். ‘குள’ எனத் தேடினாற் ‘குளம்’, ‘குளத்து’ என்பன அகப்படும்; ‘குளி’ அகப்படாது. ளகரமும் ளிகரமும் வேறெழுத்துக்கள் என்பதை அது உணர்ந்துள்ளது. ஆனால் தேடற்றொடரிற் பின்சரிவுக்கோட்டையும் பெரிய ‘இசட்’ எழுத்தையும் சேர்த்தால், சார்ந்துவரும் குறிகள் யாவும் கணிப்பிலிருந்து நீங்கிவிடுகின்றன. அடியெழுத்துக்கள் ஒத்தாற் போதும். எபிரேயம், அரபு போன்ற மொழிகளில் உயிர்க்குறிகள் இல்லாமலே எழுதுவது இயல்பு வழக்கு. அங்கே குறியைப் புறக்கணித்துத் தேடுவது இயல்பானது. தமிழில் உயிர்க்குறி அணிகலனன்று. எழுத்தின் உயிரே அதுதான். இவ்வகைத் தேடலில் ‘மன்னர்’ எனக் கேட்டால் ‘மன்னார்’ வந்து நிற்கும். ‘மோட்டை’ எனக் கேட்டால் ‘மொட்டை’யும் வந்து நிற்கும். அரசனும் ஊரும் ஒன்றாகின்றனர். வன்னியிலும் மன்னாரிலும் ஊர்ப்பெயர் ஈறாய் வந்து சிறு நீர்நிலையைச் சுட்டும் சொல், மழித்த தலையோடு மயங்குகின்றது.

இம்மயக்கம் புதியதன்று என்பதே இங்கு வியப்புக்குரியது. புள்ளியின்றியும், குறில் நெடில் வேறுபாடின்றியும், கால் எது ரகரம் எது என்று அறியவியலாமலும் எழுதப்பட்ட ஏடு செய்ததும் இதனையே. ஓலையின் மென்மையாற் தோன்றிய மயக்கம், வேறொரு மொழிக்கென எழுந்த வசதியால் மீண்டும் தோன்றுகின்றது. ஆகவே இவ்வசதியைக் குறையெனத் தள்ளிவிடுவதும் பொருந்தாது. ஏட்டுப் பாடங்களை ஆராய்வோனுக்கு ஏட்டின் மயக்கத்தையே கருவியிற் கொண்டுவந்து தேடுதல் ஒரு பேறாகும். ஓர் ஏட்டுச் சொல்லை எத்தனை வகையாகப் படிக்கலாம் என்பதை அறிய அது உதவும். தேடுவதற்கு அது நல்ல துணை. மாற்றுவதற்கு அது தீய துணை. இவ்வெல்லையே இக்கட்டுரை வற்புறுத்த விழைவது.

மாற்றுக் கட்டளை முழுக்கோப்பிலும் ஒரு சொல்லை இன்னொன்றால் மாற்றவல்லது. அதன் ஈற்றிற் ‘ஜி’ மட்டும் இடின், வரிகளிலுள்ள எல்லா இடங்களும் கேளாமலே மாறும். ‘சி’யையும் சேர்த்து இடின், ஒவ்வோரிடத்திலும் நின்று கேட்கும். ‘வை’ என்றால் ஆம், ‘என்’ என்றால் இல்லை. ‘ஏ’ என்றால் எஞ்சியவை யாவும் கேளாமலே மாறும். அந்த ‘ஏ’யை அழுத்தும் அவசரமே பிரதிகளுக்கு எமனாவது.

மன்னார்க் கரையின் நாடகப் பிரதிகளை எண்ணும்போது இதன் தாற்பரியம் புலனாகும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘என்றீக் எம்பரதோர் நாடகம்’ என்பதை 1964இலும், ‘மூவிராசர் வாசகப்பா’ என்பதை 1966இலும் பதிப்பித்தார். ‘எம்பரதோர்’ என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம். கத்தோலிக்கம் இக்கரைக்கு வந்த வரலாறு முழுவதும் அவ்வொரு சொல்லிற் பதிந்துள்ளது. எழுத்துப்பிழையெனக் கருதி அதனை ஒரே கட்டளையாற் ‘பேரரசர்’ என்று மாற்றிவிட ஒரு வினாடி போதும். ‘இராச’ என்ற வழக்கை ‘அரச’ எனச் செம்மைப்படுத்தவும் அதே வினாடி போதும். அச்சுக்காலத்தில் இத்தகைய சிதைவுக்குப் பெருமுயற்சி வேண்டியிருந்தது. கணினியில் முயற்சியே வேண்டியதில்லை. 1998இல் தோன்றிய மதுரைத் திட்டமும் 2005இல் தோன்றிய நூலகத் திட்டமும் தமிழ் நூல்களைக் கணினியேற்றி வருகின்றன. அச்சுக்கும் வராத ஊர்ப் பிரதிகளைப் பதிந்துவைக்க முனைவோரும் உளர். அவர்களுள் ஒருவர் தம் பிரதியின் முதலும் இறுதியுமான பதிப்பாசிரியராய் அமைந்துவிடக்கூடும். அவரது கையில் இக்கட்டளை உள்ளது.

இதற்கு மருந்தும் இக்கருவியிலேயே உண்டு. 2006இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு முதல், விம் தன் மாற்றங்களை ஒரே கோடாகவன்றிக் கிளைகொண்ட மரமாகச் சேமிக்கின்றது. திருத்தி, மீட்டு, மீண்டும் வேறுவிதமாகத் திருத்தினாலும் முதற்றிருத்தம் அழிவதில்லை. ‘ஜி’யும் கழித்தற்குறியும் இட்டால் கால ஒழுங்கிற் பின்னோக்கிச் செல்லலாம். 2010இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து, ‘அன்டுஃபைல்’ தெரிவை இயக்கினாற் கோப்பை மூடித் திறந்த பின்னரும் இவ்வரலாறு நிலைக்கும். பாடபேதங்களைப் பக்கத்தடியிற் பேணிய பதிப்பாசிரியரின் நெறியோடு இதனை ஒப்பிடலாம். அவர்கள் தாம் ஏலாத பாடத்தையும் அழியவிடவில்லை.

முடிவாகக் கூறுமிடத்து, விம் வேகத்தின் கருவியெனப் போற்றப்படுவது அதன் பெருமையிற் பாதியே. சொற்களைச் சேர்த்து வாக்கியமாக்கும் அதன் இலக்கணத்தை அறிந்தவனுக்கு வேகம் தானே வரும். எழுத்தென்பதை அது பெரும்பாலும் நம்மைப்போலவே காண்கின்றது. சொல், வாக்கியம், வரிசை ஆகியவற்றை அது நம்மைப்போற் காணவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே தமிழில் அதனைத் திறம்படக் கையாளும் வழி. நாடகப் பிரதியைத் திரையில் விரித்திருக்கும் பாப்பாமோட்டை ஆசிரியருக்கு முன்னே, ‘மன்னர்’ என்ற சொல்லின்மேல் நிலைகாட்டி நின்று, மாற்றவா எனக் கேட்கின்றது. மேடையில் நிற்கும் அரசனையா, மேடை போட்ட ஊரையா அச்சொல் அவ்விடத்திற் குறிக்கின்றது என்பதைக் கருவி அறியாது. அதனை அறிந்து விடைதரவேண்டியவர் அவரே.